எடை குறைக்க வந்தவள்

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, ஒருமுறை உதறி, பாதியாக்கி, எதிரும் புதிருமாக நடந்து வந்து ஒருத்தி கையிலிருக்கும் முனைகளை இன்னொருத்தி கையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் எதிராளியின் மூச்சு படுகிற தூரம்வரை போய்வர வேண்டியிருக்கும். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்து குவிகிற விரிப்புகளுக்குக் கணக்கு வழக்கில்லை. அதனால் எனக்கெதிரில் நின்று மடிப்பவளின் முகம் எனக்கு என் முகத்தைவிட நன்றாகத் தெரியும். எந்த ராத்திரி தூங்கவில்லை, எந்தப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்பதுவரை சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் கண்ணிலேயே அவள் மண்ணைத் தூவியிருந்தாள்.

கூடத்தில் எல்லோரும் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவோம். மேசை விரிப்புகளுக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. அது முடிந்ததும் மடிக்க வந்துவிடுவாள். நல்ல பெரிய உடம்பு. சொட்டச் சொட்ட நனைந்த துணிமூட்டையை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து இழுத்து, இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாளானால் ஆம்பளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட ஆகவிடவில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும். அப்பா செத்தபோது தம்பிக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. அவனைப் படிக்க வைத்தாள். படிப்பு ஏறவில்லை என்றதும் பூட்டு, சாவி வேலை கற்றுக்கொள்ள அனுப்பினாள். கடைக்கு இடம் பிடித்தாள், பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். நடுவில் இவளைப் பெண் கேட்டு வந்தவர்களை, தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று சொல்லி வீட்டுப் பெரியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். தம்பி நிலைக்கு வந்தான். அதற்குள் கேட்டு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். வீட்டையும் அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்னறையில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். இதையெல்லாம் அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன். எனக்கு வாய் நீளம்.

அந்தப் பூட்டுக்காரத் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒன்று விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். எங்களுக்குத் துணி, அவனுக்கு ரத்தம் என்று நான் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கஞ்சியக்கா சிரித்தாள். சிரித்து முடித்ததும் விரிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த விரிப்பை மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

வேறொருவருடைய சிறுநீரகம் கிடைத்தால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவன் பொண்டாட்டியின் ரத்தம் சேரவில்லை. பெண் பிள்ளைகள் இரண்டும் இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயசு. கஞ்சியக்காவுக்குப் பார்த்தார்கள், சேர்ந்துவிட்டது. சேதி வந்த அன்று அந்த வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். கொடுக்கிறாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சேர்ந்துவிட்டது என்றாலே கொடுத்தாயிற்று என்றுதான் அங்கே அர்த்தம். ஒரே ஒரு தடங்கல். இந்த எடையோடு, இந்த ரத்த அழுத்தத்தோடு அக்காவை ஆபரேஷன் மேசையில் படுக்கவைக்க முடியாது, குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் சாப்பாடு தம்பி பொண்டாட்டியின் கைக்குப் போனது. உப்பில்லாத காய், வேகவைத்த முட்டையின் வெள்ளை, வெந்நீர். பூட்டுக்காரன் வீடல்லவா, சமையலறை அலமாரிக்கு ஒரு பூட்டும் வந்து சேர்ந்தது. தம்பியே உட்கார்ந்து பொருத்தினானாம், 'உனக்காகத்தான்க்கா' என்று சொல்லிக்கொண்டே. வாரக் கடைசியில் வீட்டுக் கூடத்து நடுவில் எடை பார்க்கும் கருவியை வைத்து அவளை ஏறச் சொல்வார்கள். குடும்பமே குனிந்து முள்ளைப் பார்க்கும். முள் இறங்கவில்லை. இரண்டு மாதம் போனபிறகு பார்த்தால் கொஞ்சம் ஏறியே இருந்தது.

எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். மத்தியானம் அவள் டப்பாவைத் திறந்தால் வெளிறிப்போன காய்தான் கிடக்கும். என் சோற்றில் பாதியை அவள் பக்கம் தள்ளுவேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடுவாள். அந்த வீட்டுக்காரர்களை மனசுக்குள் நான் திட்டிய திட்டைக் கேட்டிருந்தால் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லி ஒரு கோச்சைப் பிடித்தார்கள். உடம்பைத் தேற்றிக் குறைப்பதில் கெட்டிக்காரி என்று பேச்சு. முதல் நாள் என்னவெல்லாம் செய்யச் சொல்வார்களோ என்று கஞ்சியக்காவுக்கு உதறல். ட்ரெட்மில் என்று ஓடுகிற பட்டையில் ஏற்றிவிட்டு நிறுத்தமாட்டார்களாம், வாந்தி வரும்வரை குதிக்க வைப்பார்களாம் என்று கூடத்தில் ஆளாளுக்கு அளந்துவிட்டிருந்தார்கள். நீயும் வாடி, நான் விழுந்தா தூக்குறதுக்கு ஒரு ஆள் வேணும் என்றாள். அவளைத் தூக்க நான் ஒருத்தி போதாது என்றாலும் அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு போனேன்.

டயர் கடைக்கு மேல் மாடி. படி ஏறும்போதே ரப்பர் வாடை தொண்டையைப் பிடித்தது. மேகம் கறுத்து, காற்று நின்றுபோய், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கஞ்சியக்கா தம்பியின் மூத்த மகளின் டி-சர்ட்டைப் போட்டிருந்தாள். அதில் ஒரு பூனை கண்ணடித்துக்கொண்டிருந்தது, அவள் உடம்புக்கு இழுபட்டு இன்னும் பெரிய பூனையாகியிருந்தது. தம்பியைக் கீழே வாடகை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, தம்பி பொண்டாட்டி தோளில் பெரிய பையோடு முன்னால் ஏறினாள். துண்டு, தண்ணீர், முட்டை டப்பா, மாற்று உடை எல்லாம் அதற்குள் இருந்தன. அவளைப் பற்றி நான் நல்லது பேசுவதில்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டும்: அந்த இரண்டு மாதத்தில் அவள் பாதியாகிவிட்டிருந்தாள். குறைய வேண்டியது ஒருத்தி, குறைந்தது இன்னொருத்தி.

கோச் என்றதும் யாரோ இளம்பெண் இருப்பாள் என்று நினைத்தேன். நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, குட்டையாக, ஒரு தோள் மேலேறி, எங்கள் வயசுக்காரி ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் பளு தூக்கியவளாம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையில் நீலப் பாய்கள், மூலையில் இரும்புக் குண்டுகள். ஓடுகிற பட்டை இருந்தது. அதன்மேல் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

முதல் நாள் வியர்க்கவிடமாட்டேன் என்றாள் கோச். முதல் நாள் பேச்சுத்தானாம். வந்தவர் எப்படி நிற்கிறார், எப்படி உட்கார்ந்து எழுகிறார் என்று பார்ப்பாளாம். அது தெரியாமல் ஆளைக் குதிக்கவிட்டால் முட்டிதான் போகும் என்றாள். கஞ்சியக்காவுக்கு உயிர் வந்தது. தம்பி பொண்டாட்டிக்கு முகம் சுருங்கியது. அவள் அன்று சாயங்காலமே ஏதாவது குறையும் என்று வந்தவள்.

கோச் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். தூக்கம் எப்படி, எங்கே வலி, முன்னே ஏதாவது ஆபரேஷன் உண்டா, என்ன வேலை, எந்தப் பக்கத்து இடுப்பில் சுமை தூக்குவீர்கள். எல்லாவற்றுக்கும் தம்பி பொண்டாட்டிதான் பதில் சொன்னாள். நன்றாகத் தூங்குவாங்க, வலியெல்லாம் ஒன்றுமில்லை, எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது என்று, மாட்டை விற்க வந்தவள் போலச் சொல்லிக்கொண்டே போனாள். கோச் ஒவ்வொரு முறையும் கஞ்சியக்காவைப் பார்ப்பாள். கஞ்சியக்கா தலையை ஆட்டுவாள்.

பிறகு கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். டேப்பால் இடுப்பை அளந்தாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், சுவரைத் தள்ளச் சொன்னாள். கடைசியில் இரண்டு கைக்கும் இரண்டு இரும்புக் குண்டைக் கொடுத்து அந்தக் கோடிவரை மெதுவாகப் போய்வாருங்கள் என்றாள். கஞ்சியக்கா போய்வந்தாள். மூச்சு மாறவில்லை. நின்றுகொண்டே, இதை எங்க வைக்கட்டும் மேடம் என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். கோச் சிரிக்கவில்லை. குண்டுகளை வாங்கி வைத்துவிட்டு அவள் தோளையும் முதுகையும் அழுத்திப் பார்த்தாள். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள்.

தம்பி பொண்டாட்டி ஒப்பித்தாள். உப்பில்லாத காய், முட்டை வெள்ளை, வெந்நீர். அலமாரிப் பூட்டைப் பற்றியும் பெருமையாகச் சொன்னாள்.

"ஏம்மா, இவங்க பாக்குற வேலைக்கு இதை மட்டும் சாப்பிட்டா இந்நேரம் மயங்கி விழுந்திருக்கணும். எடை ஏறியிருக்குன்னு சொல்றீங்க."

"அதான் மேடம் எங்களுக்கும் பிடிபடல. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

கோச் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கஞ்சியக்காவைப் பார்த்து, வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன வேணும்? எதுக்காக வந்திருக்கீங்க?"

"எடை குறையணும் மேடம்," என்றாள் தம்பி பொண்டாட்டி. "சீக்கிரமா குறையணும்."

"உங்களக் கேக்கலம்மா."

கஞ்சியக்கா கண்ணாடியில் தன் டி-சர்ட் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் முடிவில் வந்தவரோடு தனியாகப் பேசுவது தன் வழக்கம், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாள் கோச். தம்பி பொண்டாட்டி என்னைப் பார்த்தாள். நானும் எழுந்தேன். கஞ்சியக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ இருக்கட்டும் என்றாள். தம்பி பொண்டாட்டி பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் கோச். "எங்க சாப்பிடுறீங்க?"

நான் சண்டைக்குப் போகத் தயாராக வாயைத் திறந்தேன். கஞ்சியக்கா முந்திக்கொண்டாள்.

"பாய்லர் ரூமுக்குப் பின்னாடி மேடம். கேட்டுக்கு எதுத்தாப்புல பேக்கரி இருக்கு. பன்னு வாங்குவேன். சர்க்கரையும் வெண்ணெயும் வச்சுத் தருவான். அழுக்குத் துணி வண்டிக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போயி அங்க நின்னு தின்னுருவேன்."

"பசிக்குதா?"

"பசியெல்லாம் இல்ல. இவ சோத்துல பாதி குடுப்பா, அதுவே போதும். அதுக்கப்புறம்தான் பன்னு. எறங்காது. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு உள்ள தள்ளுவேன். சில நாள் வெளிய வந்துரும். மறுபடி ஒண்ணு வாங்குவேன்."

எனக்கு முகம் சூடேறியது. தினம் தினம் என் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, அதற்கு மேல் இது. நான் கையை உருவிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"எதுக்கு?" என்றாள் கோச். கேட்ட விதத்திலேயே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"எடை இருக்குற வரைக்கும் எடுக்கமாட்டாங்கள்ல."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மோட்டார் ஓடி நின்றது. கஞ்சியக்கா குரலைத் தாழ்த்தவும் இல்லை, அழவும் இல்லை. கஞ்சி எத்தனை கரண்டி என்று சொல்லித் தருகிற குரலில்தான் சொன்னாள்.

"அவன் சாகணும்னு நான் நெனைக்கல மேடம். என் கையில வளந்த புள்ள. அவனுக்குன்னு எல்லாத்தையும் குடுத்தேன், மனசாரத்தான் குடுத்தேன். பொய் சொல்லக்கூடாது. ஆனா இது உள்ள இருக்குறது. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டுமேன்னு தோணுது. தப்புதான். தோணுதே, என்ன பண்ண?"

"அதை வாயால சொல்லலாம்ல? உடம்பக் கெடுத்துக்கிட்டா சொல்லணும்?"

"வாயால சொல்லிட்டு எந்த வீட்டுக்குப் போவேன்?"

கோச்சுக்குக் கோபம். யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை போலும், கையிலிருந்த டேப்பை இறுக்கி இறுக்கிச் சுருட்டினாள். இந்த உடம்பு ஆபரேஷனுக்கு ஆகாது என்று நான் சொல்லிவிடட்டுமா, சொன்னால் நம்புவார்கள் என்றாள். கஞ்சியக்கா யோசித்தாள். அப்புறம், வேற கோச்சத் தேடுவாங்க மேடம் என்றாள். அதுவும் உண்மைதான்.

அப்போது கதவு திறந்தது. தம்பி பொண்டாட்டி தோளைக் கொடுக்க, பூட்டுக்காரத் தம்பி உள்ளே வந்தான். அன்று இயந்திரத்துக்குப் போய்வந்த நாள். கீழே வண்டியில் இருந்தவனுக்கு, அக்கா எப்படிச் செய்கிறாள் என்று பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லையாம். அத்தனை படியையும் ஏறிவந்துவிட்டான். முகம் மண் நிறத்தில் இருந்தது, உதடு வெளுத்திருந்தது. கோச் எழுந்து முக்காலியைத் தள்ளினாள். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, கோச்சைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. எனக்கே அவன்மேல் இரக்கம் வந்தது.

"எங்கக்கா எப்படி மேடம்? சொன்னபடி கேக்குதா? சின்ன வயசுலருந்து எனக்கு எதையும் இல்லன்னு சொன்னதே கிடையாது."

கோச் அவனுக்குப் பதில் சொல்லாமல் கஞ்சியக்காவைப் பார்த்தாள். கஞ்சியக்கா டி-சர்ட்டை இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அவனுக்கெதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவன் கால் வீங்கியிருந்தது. அதைத் தொட்டாள்.

"எனக்குக் குடுக்க மனசில்லடா."

"என்னக்கா?"

"கிட்னி. குடுக்க மனசில்ல. ரெண்டு மாசமா ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னு ஒடம்ப ஏத்தி வச்சிருக்கேன். இனிமே அந்தப் பன்ன என்னால திங்க முடியாது."

தம்பி பொண்டாட்டியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அவன் சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"பயமா இருக்காக்கா? டாக்டரு சொன்னாருல்ல, ஒண்ணை வச்சே நல்லா வாழலாம்னு."

"பயமில்ல. மனசில்ல."

"உங்களுக்கு நாங்க எதுல கொறை வச்சோம் அண்ணி?" என்றாள் தம்பி பொண்டாட்டி. "ரெண்டு பொம்பளப் புள்ளைங்களை வச்சிருக்கேன்."

"கொறையெல்லாம் வைக்கல. ஒரு வார்த்தை கேக்கல. அவ்வளவுதான்."

மழை பிடித்துக்கொண்டது. கீழே டயர் கடை முகப்பின் தகரக் கூரைமேல் சடசடவென்று விழுந்தது. தம்பி குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவி ராவி ராவி நுனியெல்லாம் காய்த்துப்போன விரல்கள். பிறகு நிமிர்ந்தான்.

"கேட்டிருந்தா?"

"தெரியல. யோசிச்சிருப்பேன்."

"இப்பக் கேக்குறேன்க்கா. குடுப்பியா?"

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டான், பிச்சை கேட்கிறவனின் முகத்தோடு கேட்டான். ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி அதையே சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் கண்டேன். கஞ்சியக்கா அவன் காலிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லடா," என்றாள்.

அவன் சரி என்றான். கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். தம்பி பொண்டாட்டி துண்டையும் தண்ணீரையும் பைக்குள் திணித்தாள். மாற்று உடையை மட்டும் எடுத்து நாற்காலியில் வைத்தாள். முட்டை டப்பாவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

கிளம்பலாம் என்று எழுந்தவனுக்குக் கால் மடங்கியது. ஏறி வந்ததிலேயே இருந்த தெம்பெல்லாம் போய்விட்டது. தம்பி பொண்டாட்டி பிடித்தாள், தாங்கவில்லை. கோச் ஒரு பக்கம் வந்தாள். கஞ்சியக்கா அவளை விலக்கிவிட்டுக் குனிந்து, அவன் கைகளைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதுகில் ஏற்றி எழுந்துவிட்டாள். அவன் இறக்கிவிடு என்று சொல்லவில்லை. அவள் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நனைந்த படிகளில் ஒவ்வொன்றாகக் காலை ஊன்றி இறங்கினாள். நான் பின்னால் குடையோடு போனேன். டயர் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வண்டியின் பின் இருக்கையில் அவனை உட்கார வைத்து, ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று உள்ளே தூக்கி வைத்தாள். தலை நனைந்திருந்தது, தன் டி-சர்ட் நுனியால் துடைத்துவிட்டாள். அந்தப் பக்கமாகத் தம்பி பொண்டாட்டி ஏறிக்கொண்டாள். பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வரும்போது அப்படித்தான் வந்தார்கள், அவன் நடுவில். இப்போது அவள் பையை எடுத்துத் தனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்தாள். அவன் ஓரத்தில் இருந்தான், கஞ்சியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். அவன் பையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்காருவதற்குச் சிறுநீரகம் ஒன்றும் தேவையில்லை. அவன் நகரவில்லை. கஞ்சியக்காதான் கதவைச் சாத்தினாள்.

வண்டி முனை திரும்பும்வரை நின்றாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்தினேன். வா அக்கா, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"யாரு வீட்டுக்கு?" என்றாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.